நடப்பவனின் நோய்

நோய்களுக்கு வர்க்கம் இல்லை என்று சொல்வார்கள். இரத்தக் குழாயினுள்ளே படிகின்ற கொழுப்புக்குச் செல்வர் என்றும் வறியவர் என்றும் பேதம் தெரியாது என்பது உண்மையே. ஆனால் ஒரு நோய் எப்பொழுது கண்டுகொள்ளப்படுகிறது, அதற்கு ஊரார் என்ன பெயர் சூட்டுகின்றனர், அதற்குரிய சிகிச்சை எவ்வளவு தொலைவில் வைக்கப்பட்டிருக்கிறது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிப் பார்த்தால், நோயின் வரலாற்றில் பாதி சமுதாயத்தின் வரலாறாகவே இருப்பதை உணரலாம். காலின் நாடிகள் அடைபடும் நோய் இதற்குத் தக்க சான்று. அதனைப் பற்றியும், அதற்கென மனிதன் நூலால் நெய்து தைத்த செயற்கை நாடியைப் பற்றியும் வன்னி மண்ணிலிருந்து சிந்திக்க வேண்டிய தேவை எமக்கு உண்டு.

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாயை நாடி என்றும், இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவதை நாளம் என்றும் எமது விஞ்ஞான பாடநூல்கள் கூறுகின்றன. தமிழகத்தார் தமனி என்றும் சிரை என்றும் வழங்குவர். வயிற்றினூடே இறங்கும் பெருநாடி இரண்டாகப் பிரிந்து, தொடை வழியாக முழங்காலின் பின்புறம் சென்று, அங்கிருந்து கிளைவிட்டுப் பாதத்தை அடைகிறது. புகையிலை, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மிகுந்த கொழுப்பு, முதுமை ஆகியவை இந்த நாடிகளின் உட்சுவரைத் தடிக்கச் செய்கின்றன. வாய்க்காலில் வண்டல் படிவதுபோல வழி குறுகுகிறது. உட்கார்ந்திருக்கும் காலுக்கு வேண்டிய இரத்தம் கொஞ்சம். குறுகிய வழியாலும் அது வந்து சேரும். நடக்கும் காலுக்கோ பன்மடங்கு இரத்தம் வேண்டும், அது வராது. கெண்டைக்கால் இறுகி வலிக்கும். நின்றால் சில நிமிடங்களில் வலி மறையும். மறுபடி நடந்தால், ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி வலிக்கும்.

இந்நோயின் கொடுமை முழுவதும் இங்கேதான் அடங்கியிருக்கிறது. இது நடப்பவனின் நோய். உழைக்கும்போது மட்டும் தோன்றி, ஓயும்போது ஒளிந்துகொள்ளும் நோய்.

நெளுக்குளத்தில் எமது வீட்டுக்குச் சற்று அப்பால் வாழும் ஒரு வயற்கூலித் தொழிலாளியை நாம் பல ஆண்டுகளாக அறிவோம். 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து பெயர்ந்து வன்னிக்கு வந்த குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். பெற்றோரின் கைபிடித்துச் சிறுவனாக வந்தவர். காடு வெட்டி, வரம்பு கட்டி, பிறர் வயலில் நாற்பது ஆண்டு உழைத்தவர். 2019 ஆம் ஆண்டளவில் அவர் குளக்கட்டில் நடந்து வரும்போது இடையிடையே நிற்கத் தொடங்கினார். முதலில் வேப்பமரத்தடியில் ஒரு தரம். பிறகு மதகடியில் ஒரு தரம். சில மாதங்களில் நூறடிக்கு ஒரு தரம்.

மருந்தடிக்கும் தாங்கியை முதுகில் சுமந்தவர் வயலின் ஒரு தலையிலிருந்து மறு தலைக்குப் போகுமுன் இரண்டு முறை உட்கார்ந்தார். பார்த்தவர்கள் இதற்குச் சூட்டிய பெயர் ‘சோம்பல்’. நாட்கூலி குறைந்தது, பின்னர் அழைப்பதே நின்றது. உறவினர் ‘வாதம்’ என்றனர், எண்ணெய் பூசினர். அவரோ, “குந்துனா ஒண்ணுமில்லீங்க சேர். நடந்தாத்தான் கால் கட்டையாப் போவுது. சொன்னா யாரும் நம்புறாங்க இல்ல” என்றார்.

நம்பாததற்குக் காரணம் உண்டு. அவர் கிளினிக்குக்குப் போன நாள்களிலும் இதுவே நிகழ்ந்தது. விடியற்காலையில் புறப்பட்டு, வரிசையில் இலக்கம் எடுத்து, வாங்கில் மூன்று மணி நேரம் இருந்த பிறகுதான் வைத்தியரின் முன் போய் நின்றார். மூன்று மணி நேரம் ஓய்ந்த காலில் வலி ஏது? ஏழையின் காத்திருப்பே ஏழையின் நோயை மறைத்துவிடுகிறது! நூறு பேரை ஒரு முற்பகலில் பார்த்து முடிக்க வேண்டிய வைத்தியருக்கு, ஒருவரை எழுப்பி நடக்கவிட்டுப் பார்க்கவோ, கால்மேசை அவிழ்த்துப் பாதத்தின் நாடித் துடிப்பைத் தொட்டறியவோ நேரம் எங்கே இருக்கிறது? இது தனி ஒருவரின் குற்றம் அன்று. இரண்டு வலிமாத்திரைகளுடன் ஒருவனைத் திருப்பி அனுப்பும் ஓர் ஒழுங்குமுறையின் குற்றம்.

வரலாற்றில் இந்த நோயை முதலில் விவரித்தவர் மனிதரைப் பார்த்த மருத்துவர் அல்லர். பிரான்சு தேசத்து மிருக வைத்தியர் பூலே. 1831 இல், ஓடவிட்டால் நொண்டி, நிறுத்தினால் தேறிவிடும் குதிரையொன்றை ஆராய்ந்து, பின்காலின் நாடி அடைபட்டதே காரணம் என்று அவர் காட்டினார். அந்தக் குதிரை நோயை மனிதனின் நோயோடு ஒப்பிட்டு, பாரிசின் பேர்பெற்ற மருத்துவர் சார்க்கோ எழுதியது 1858 இல். இருபத்தேழு ஆண்டு இடைவெளி! வண்டியிழுக்கும் குதிரை நின்றுவிட்டால் அதன் சொந்தக்காரனுக்கு நட்டம். ஆதலால் காரணம் தேடப்பட்டது. வண்டியிழுக்கும் மனிதன் நின்றுவிட்டால் அவனிடத்தில் இன்னொருவனை வைத்துக்கொள்ளலாம். குதிரையைச் சோம்பேறி என்று சொல்லித் திருப்தியடைய முடியாது. மனிதனைச் சொல்ல முடிகிறது.

2022 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அந்தத் தொழிலாளியின் வலது பெருவிரலில் ஒரு சிறு காயம் உண்டாயிற்று. இரத்தம் வராத இடத்தில் புண் ஆறாது. விரல் கறுத்தது. இரவில் படுத்திருக்கும்போதும் வலி எடுத்தது. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் சற்றுத் தணிந்தது. ஓய்விலும் வலி என்ற நிலை, கால் இறந்துகொண்டிருக்கிறது என்னும் இறுதி எச்சரிக்கை. ஆனால் அந்த ஆண்டை மறந்தவர் நம்மில் யார்? ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்திருந்தது. எரிபொருள் வரிசையில் வாகனங்கள் நாள்கணக்கில் கிடந்தன. மார்ச் மாத இறுதியிலேயே பேராதனைப் போதனா வைத்தியசாலையில், மருந்துப் பற்றாக்குறையினால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்திவைக்கப்பட்டன. கொழும்புக்குப் போகவேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். வவுனியாவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 250 கிலோமீற்றர். முச்சக்கரவண்டிக்கு எண்ணெய் இல்லாத நாளில், கூலி இல்லாத ஒருவருக்கு அந்தத் தூரம் எவ்வளவு? அவர் போய்ச் சேர்ந்தபோது தொற்று மேலேறியிருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது.

கடன்பட்டவர்கள் வேறு, செலவழித்தவர்கள் வேறு. கட்டியது ஒரு கூலிக்காரனின் கால்!

இரண்டு ஆண்டுகளின் பின் இடது காலிலும் அதே இறுக்கம் தொடங்கியது. இம்முறை காலம் தாழ்த்தவில்லை. நோயின் பெயர் தெரிந்திருந்தது. எங்கே போகவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. பேருந்துகளும் ஓடின. அரசாங்க வைத்தியசாலையொன்றில் அவருடைய தொடை நாடிக்கு, அடைப்பைச் சுற்றிச் செல்லும் ஒரு மாற்றுவழி அமைக்கப்பட்டது. இடுப்பின் கீழ் மரத்துப்போக ஊசி ஏற்றி, கவட்டில் ஒரு வெட்டும் முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு வெட்டும் இட்டு, இரண்டுக்கும் இடையே வெண்மையான செயற்கைக் குழாயொன்றைச் செலுத்தி, இரு முனைகளையும் தலைமயிரளவு மெல்லிய நூலால் நாடியோடு தைத்தனர். வீதி உடைந்த இடத்தில் வயலூடாக ஒரு சுற்றுப்பாதை போடுவது போன்ற வேலைதான். மறுநாள் அவர் மனைவி பாதத்தைத் தொட்டுப் பார்த்து, “சூடா இருக்குதுங்க” என்றாராம். ஒரு மருத்துவ அறிக்கை பத்துப் பக்கத்தில் சொல்வதை அந்த அம்மையார் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார்.

அந்த வெண்குழாய் எங்கிருந்து வந்தது? அதன் பிறப்பு வரலாறு, அறிவு எவருடைய உடைமை என்ற கேள்விக்கு விடை தருகிறது.

நாடியைக் கசிவின்றித் தைக்கும் முறையை 1902 இல் வெளியிட்டவர் பிரான்சின் லியோன் நகரத்து அலெக்சிஸ் கரேல். 1912 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் மெல்லிய ஊசியை நுண்ணிய துணியில் செலுத்தும் நுட்பத்தை அவர் கற்றது எந்தப் பேராசிரியரிடமும் அன்று. லெறூடியே என்ற பூத்தையல் தொழிலாளிப் பெண்மணியிடம். பட்டு நகரான லியோனின் தையற்காரிகள் தலைமுறை தலைமுறையாக விரல்நுனியில் காத்துவந்த அறிவே சத்திரசிகிச்சைக் கூடத்துள் புகுந்தது. பரிசு பெற்ற கரேல் பிற்காலத்தில், 1935 இல் எழுதிய நூலில், சமூகத்துக்கு வேண்டாதவர்களை வாயுவால் கொன்று அகற்றலாம் என்று எழுதும் அளவுக்கு இழிந்தார் என்பதையும் மறைக்கலாகாது. மேதைமை தானாக மனிதநேயம் ஆகிவிடாது. ஆயினும் அந்தத் தையல் வாழ்கிறது; ஏனெனில் அது அவருக்கு மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை.

1948 ஜூனில் பாரிசில் ஜான் குன்லின், நோயாளியின் காலிலிருந்தே ஒரு நாளத்தை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அடைப்பின் மேலும் கீழும் தைத்தார். நாளத்தின் வால்வுகள் இரத்தத்தை ஒரு திசையில் மட்டுமே விடும் என்பதனாலேயே திருப்புதல் வேண்டியதாயிற்று. கால் நாடி மாற்றுவழிச் சிகிச்சை அங்கேதான் தொடங்கியது. நல்ல நாளம் இல்லாதவருக்கு என்ன செய்வது? அதற்கு ஏறக்குறைய அதே காலத்தில் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் விடை முளைத்தது. ஆதர் வூர்ஹீஸ் என்ற இளம் வைத்தியர், 1947 இல், நாயொன்றின் இதய அறையினுள் தவறி நின்றுவிட்ட பட்டு நூல் சில மாதங்களில் பளபளப்பான மெல்லிய படலத்தால் மூடப்பட்டிருந்ததைக் கண்டார். நூலை உடல் ஏற்கிறதென்றால் துணியையும் ஏற்குமல்லவா? பட்டுக் கைக்குட்டையில் குழாய் தைத்துப் பார்த்தார். பின்னர் பாராசூட்டுக்கென நெய்த வினியன் துணியில் தைத்தார். 1952 இல் முடிவுகள் வெளிவந்தன.

லெபனானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் மகன் மைக்கேல் டிபேக்கி. தாயாரிடம் சிறுவயதில் தையல் பழகியவர். ஹூஸ்டன் நகரத்துக் கடையொன்றில் நைலோன் துணி கேட்டபோது அது தீர்ந்துபோயிருந்தது. புதிதாக வந்திருந்த டெக்ரோனை வாங்கிச் சென்று, வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாய்களாகத் தைத்தார். 1954 இல் அது மனித உடலில் பொருத்தப்பட்டது. டெக்ரோன் வேறொன்றும் அன்று. நாம் சட்டையாக அணியும் பொலியெஸ்தரே. அதனை 1941 இல் கண்டவர்கள் வின்பீல்ட், டிக்சன் என்ற இருவர். மஞ்செஸ்டரின் பருத்தித்துணி அச்சிடும் நிறுவனமொன்றின் இரசாயனவியலாளர்கள். தொண்ணூற்றேழு வயதில், 2005 இன் இறுதியில், டிபேக்கியின் சொந்தப் பெருநாடி கிழிந்தபோது, அதே டெக்ரோன் குழாயே அவர் உயிரையும் காத்தது. எமது தொழிலாளியின் காலில் உள்ளதோ இன்னொரு வகை: ஒட்டாத சட்டிகளில் பூசப்படும் டெப்லோன். 1938 இல் றோய் பிளங்கெற் தற்செயலாகக் கண்ட அந்தப் பொருளை, 1969 இல் றொபேட் கோர் விசையோடு இழுத்து, நுண்துளைகள் நிறைந்த பொருளாக்கினார். 1970களில் அது நாடியாயிற்று.

தையற்காரி, நெசவாலை, பாராசூட்டுத் துணி, தாய் கற்பித்த தையல், சட்டைத்துணி, சமையற்சட்டி: இத்தனை கைகளும் கூடியே ஒரு முழ நீளக் குழாய் பிறந்தது. உலக உழைப்பின் கூட்டுச் சொத்து அது. அத்தகைய சொத்து, அதனைப் படைத்த உழைப்பாளரின் காலுக்கே எட்டாமல் 250 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்குமென்றால், அதை எந்த நீதியால் நியாயப்படுத்துவது?

இந்தச் செயற்கை நாடியை அற்புதமாகப் போற்றிப் பாடுவதும் எமது நோக்கம் அன்று. விஞ்ஞானத்தை நேசிப்பவன் அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். சொந்த நாளமே முதல்தரம். முழங்காலுக்குக் கீழே செல்லவேண்டிய மாற்றுவழிக்கு அதற்கு இணையில்லை. எமது தொழிலாளியின் நாளங்கள் நீண்டகாலம் நின்றுழைத்துப் புடைத்துச் சுருண்டிருந்தமையாலேயே குழாய் நாடப்பட்டது. அடைப்பும் முழங்காலுக்கு மேலேயே முடிந்தது. செயற்கைக் குழாயில் இரத்தம் உறையலாம். கிருமி தொற்றினால் அகற்றுவதே வழியாகலாம். நாள்தோறும் அஸ்பிரின் போன்ற மருந்து வேண்டும். புகை அறவே கூடாது. அடைப்பை உள்ளிருந்தே பலூனால் விரிக்கும் முறையும் இன்று உண்டு. 1,830 நோயாளரைக் கொண்டு நடந்து 2022 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நல்ல நாளம் உள்ளோர்க்குச் சத்திரசிகிச்சை மேலானதாகவும், அது இல்லாதோர்க்கு இரு முறைகளும் ஏறத்தாழச் சமமாகவும் தெரிந்தன. 2023 இல் பிரித்தானியாவில் தலைமை கொண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, முழங்காலுக்குக் கீழான அடைப்பில் பலூன் முறைக்கே சாதகமாக இருந்தது. விவாதம் தொடர்கிறது, தொடரட்டும். ஆனால் இரண்டில் எது நன்று என்று வாதிடுவோர், இரண்டும் எட்டாதவர்களை மறந்துவிடலாகாது.

வன்னியில் காலிழந்தோர் புதியவர் அல்லர். 2009 மே மாதம் முடிந்த போர், எறிகணையாலும் கண்ணிவெடியாலும் எத்தனையோ கால்களைத் தின்றது. போர்க்களம் மருத்துவத்துக்கும் ஒரு கசப்பான பள்ளிக்கூடம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரின் 2,471 நாடிக் காயங்களை ஆராய்ந்து 1946 இல் டிபேக்கியும் சிமியோனும் எழுதினர். நாடியை முடிந்து கட்டியபோது ஏறத்தாழப் பாதிப்பேர் அவயவம் இழந்தனர். நாடியைத் தைத்துச் சீராக்கும் வழக்கம் வந்த கொரியப் போரில் அது நூற்றுக்கு 13 அளவுக்கு இறங்கியது. இரண்டுக்கும் இடையே மனித உடல் மாறவில்லை; அவயவத்தைக் காப்பது கடமை என்ற தீர்மானமும், அதற்கேற்ற ஏற்பாடும், விரைந்து கொண்டுசெல்லும் வழியுமே வந்து சேர்ந்தன. போரில் இயன்றது சமாதானத்தில் இயலாதா?

வெடியில் போன காலுக்கு எமது மண்ணில் ஒரு கணக்கும் ஒரு துயரமும் உண்டு. அடைபட்ட நாடியால் போகும் காலுக்கு அதுவும் இல்லை. ‘சீனி வருத்தம், கால் எடுத்தாச்சு’ என்று விதியைச் சொல்வதுபோல் சொல்லி முடித்துவிடுகிறோம். உலகெங்கும் 2015 இல் ஏறத்தாழ 23 கோடியே 60 இலட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். செல்வர் நோய் என்று யாரேனும் இனியும் சொல்லட்டும்!

எமது தொழிலாளியின் வலக்காலில் இப்போது ஜெய்ப்பூர் கால் இருக்கிறது. 1968 அளவில் உருவான அந்தக் காலும் ஒரு கைவினைஞரின் ஆக்கமே. அதிகம் பள்ளி செல்லாத சிற்பத் தொழிலாளர் ராம் சந்திர சர்மாவும் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியும் சேர்ந்து அதைச் சமைத்தனர். 1981 இல் மக்சேசே விருது பெற்றவர் சேத்தி. றப்பரும் மரமும் கொண்ட அந்தக் கால் சேற்றிலும் வயலிலும் நடக்கும். சம்மணமிட்டு அமரவும் இடம்தரும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் இயங்கி வந்திருக்கிறது. நன்றியுடன் நினைக்கத்தக்க பணி. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வெட்டிய பின் கால் கொடுப்பது கருணை. வெட்டாமல் காப்பது நீதி.

புகையிலையைப் பற்றி ஒரு சொல். எமது தொழிலாளி பதினான்கு வயதிலிருந்து பீடி குடித்தவர். பசியையும் களைப்பையும் மறைக்கக் கூலிக்காரனுக்குக் கிடைத்த மலிவான மருந்து அது. ‘குடித்தான், கெட்டான்’ என்று உபதேசிப்பது எளிது. இலங்கை 2003 இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சர்வதேச உடன்படிக்கையை ஏற்றது. 2006 இல் சட்டமும் இயற்றியது. விளம்பரம் மறைந்தது நன்மையே. ஆனால் நண்பகல் உணவுக்கு இடைவேளையும், உடலுக்கேற்ற கூலியும், ஓய்வும் கொடுக்காத வயலில் பீடியை மட்டும் பிடுங்கிவிட முடியாது. புகை விட உதவி செய்வது உபதேசத்திலும் உயர்ந்த வைத்தியம்.

செய்யத்தக்கவை யாவை? இந்நோயைக் கண்டறியப் பெரும் பொறிகள் வேண்டியதில்லை. பாதத்தின் மேற்புறத்திலும், உட்கணுக்காலின் பின்னும் விரலை வைத்தால் துடிப்பு தெரியும். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, கணுக்கால் அளவைக் கையளவால் வகுத்து வரும் எண் 0.9 இலும் குறைந்தால் நாடியில் அடைப்பு உண்டென ஐயுறலாம். கையடக்கக் கருவியொன்று அதற்குப் போதும். கிராமத்துக் கிளினிக்குகளில் நீரிழிவுக்கு இரத்தம் பார்க்கும் அதே நாளில் காலையும் பார்க்கலாம். ‘எவ்வளவு தூரம் நடந்தால் வலிக்கிறது’ என்ற ஒரு கேள்வியைக் கேட்கலாம். நாடிச் சத்திரசிகிச்சை நிபுணர் பெரும்பாலும் பெரிய போதனா வைத்தியசாலைகளிலேயே இருப்பதால், விரல் கறுக்குமுன் அங்கே போய்ச் சேரும் வழியையும் வண்டியையும் பொதுப்பணம் தரவேண்டும். இலவச வைத்தியம் என்பது வாசலில் கட்டணம் வாங்காமை மட்டும் அன்று. வாசல் வரை வந்து சேர முடிவதும் அதில் அடங்கும்.

ஆசிரியர்களாகிய எமக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இதயத்தின் நான்கு அறைகளையும் அம்புக்குறியிட்டு வரைந்து முழுப்புள்ளி பெறும் மாணவன், அந்த இரத்தம் தன் பாட்டனின் பாதத்தை அடைகிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்க்கப் பழகட்டும். நின்று நின்று நடப்பவனைக் கண்டால் சோம்பேறி என்று நகைக்குமுன் ஏன் நிற்கிறான் என்று கேட்கப் பழகட்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் தலைமுறையே, மருத்துவம் எம் ஊருக்கு வரவேண்டும் என்று உரத்துக் கோரும் தலைமுறையாகவும் வளரும். நாடியைத் தைக்க உலகம் கற்று ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. இனித் தைக்கவேண்டியது, அந்த அறிவுக்கும் உழைப்பவனின் காலுக்கும் இடையே கிழிந்து கிடக்கும் தூரத்தையே.